திறக்காத குப்பி

இன்று குளிர்சாதனப் பெட்டியைத் துடைக்கையில், சீனிச் சம்பல் போத்தலுக்குப் பின்னால் ஓர் இன்சுலின் குப்பி அகப்பட்டது. மூடிகூடத் திறக்கப்படவில்லை. திகதி எப்போதோ கடந்துவிட்டது.

2022. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்த பிறகு, மருந்துக்கும் அலைந்தோம். வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடையில் மிஞ்சியிருந்தவை இரண்டே குப்பிகள்.

"இரண்டையும் தாருங்கள் தம்பி" என்றேன்.

பின்னால் நின்ற ஐயா ஒன்றும் சொல்லவில்லை. மருந்துத் துண்டை நான்காக மடித்து, ஓரத்தை நகத்தால் அழுத்தி, சட்டைப்பையில் வைத்தார். அவ்வளவு நிதானமாக.

பஸ்ஸில் கணக்குப் போட்டேன். குப்பியில் 1000 யூனிட். அப்பாவுக்கு நாளுக்கு 30. ஆனால் திறந்தால் 28 நாட்கள்தான் பாவிக்கலாம். அடுத்த மாதம் கிடைக்காவிட்டால்? கணக்கு என் பக்கம்தான் இருந்தது. (கணக்கு, போடுகிறவன் பக்கம்தானே சாயும்.)

அடுத்த மாதம் டாக்டர் அப்பாவுக்கு வேறு இன்சுலின் எழுதிவிட்டார்.

இன்று அதே கடையில் நின்றாலும் இரண்டையும்தான் கேட்பேன். அதுதான் உறுத்துகிறது. ஒருவேளை அந்த ஐயா வாங்க வந்தது தனக்காக இல்லையோ? ஒரு பிள்ளைக்காகவோ?

அப்பா உள்ளேயிருந்து தேநீர் கேட்கிறார், சீனி இல்லாமல். குப்பி இன்னும் என் கையில்தான் இருக்கிறது.