மூன்றாம் முறைதான் கிளை தெரிந்தது

வைரஸ் தொற்றிய, தொற்றாத எலி மூளைகளில் மைக்ரோகிளியாவை எண்ணி முடிக்க எனக்கு ஏழு மாதம் பிடித்தது. அதில் நாலு மாதம் ஒன்றுமே தெரியாத ஸ்லைட்டுகளோடு போனது. கொழும்பில் இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மைக்ரோகிளியா மூளையின் சொந்தக் காவல் கலங்கள். முளையத்தின் மஞ்சட்கருப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகுபவை. எலிக்கு மேற்கு நைல் வைரசை (நுளம்பால் பரவி மூளையைத் தாக்கக்கூடியது) தொற்றவைப்பது இங்கே நடக்கவில்லை. அதற்குப் பல நாடுகளில் மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்புக் கூடம், அதாவது கிருமி வெளியேறாதபடி கட்டிய ஆய்வுகூடம், வேண்டும். வெளிநாட்டில் அதைச் செய்து, பதப்படுத்திய மூளைகளை அனுப்பினார்கள். ஒழுக்கநெறிக் குழு, இறக்குமதி அனுமதி என்று அலைந்த கதையை விடுகிறேன்.

முதலில் பாதி மூளையை மெழுகில் பதித்து 5 மைக்ரோமீற்றரில் வெட்டினேன். மைக்ரோகிளியாவில் உள்ள ஐபா-1 புரதத்தில் ஒட்டிச் சாயமேற்றும் பிறபொருளெதிரி போட்டால் கபிலப் புள்ளிகள் மட்டும். இந்தக் கலத்துக்கு உடல் சின்னது, கிளை நீளம். அவ்வளவு மெல்லிய துண்டில் கிளையெல்லாம் அறுந்துவிடும். மற்றப் பாதியை 30% சுக்குரோசில் அடியில் தாழும்வரை ஊறவைத்து, உறையவைத்து, 40 மைக்ரோமீற்றரில் வெட்டினேன். இப்போது சாயமே ஏறவில்லை. ஆய்வுகூடத்து நானாதான் கேட்டார்: "தங்கச்சி, இது எத்தின நாள் ஃபோர்மலின்ல கிடந்தது? சூடு காட்டிப் பாத்தீங்களா?" ஃபோர்மலினில் கிடந்தால் பிறபொருளெதிரி ஒட்டும் இடம் மூடிவிடும், சூடு அதைத் திறக்கும். சிட்ரேற்றுக் கரைசலில் 80 பாகை செல்சியசில் அரை மணி நேரம் வைத்தேன். சாயம் ஏறியது.

அன்று மாலை நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பவே மனம் வரவில்லை. தொற்றில்லாத மூளையில் கலங்கள் ஒன்றையொன்று தொடாமல், மெல்லிய வேர்களைப் போலக் கிளை விரித்து நின்றன. தொற்றுள்ளதில் கிளை சுருங்கி, உடல் தடித்து, ஓரிடத்தில் ஏழெட்டு நெருங்கி முடிச்சாகக் கிடந்தன. நடுவில் சிதைந்த நரம்புக்கலம் ஒன்று. கண்கலங்கிவிட்டேன்.

ஒன்று கவனியுங்கள்: குருதியிலிருந்து உள்ளே வரும் பெருவிழுங்கிகளும் (கிருமிகளை விழுங்கும் வேறு காவல் கலங்கள்) ஐபா-1 சாயத்தை ஏற்கும். எல்லாவற்றையும் மைக்ரோகிளியா என்று எழுதிவிடாதீர்கள். எண்ணுமுன் ஸ்லைட்டுப் பெயர்களை வேறொருவரைக் கொண்டு ஒட்டுநாடா ஒட்டி மறையுங்கள். தொற்றுள்ளது எதுவென்று தெரிந்தால் கண் தானாகக் கூட்டி எண்ணும். நான் மறைக்காமல் எண்ணிய முதல் 12 ஸ்லைட்டுகளையும் தள்ளிவிட்டுத் திரும்ப எண்ணினேன்.

ஏன் இவ்வளவு பாடு? என் மாமா 1987 கடைசியில் அநுராதபுரத்தில் யப்பானிய மூளைக் காய்ச்சலில் பிழைத்தவர். காய்ச்சல் போனது, ஞாபகம் முழுதாகத் திரும்பவில்லை. உணவில் மருந்து கலந்து மைக்ரோகிளியாவை அகற்றினால், மேற்கு நைல் தொற்றிய எலிகள் கூடுதலாக இறக்கின்றன. அதே கலங்கள்தான், தப்பிய எலிகளின் ஹிப்போகம்பசில் (ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதி) நரம்பிணைப்புகளை அகற்றி ஞாபகத்தைக் குறைக்கின்றன என்று 2016இல் காட்டினார்கள். மாமாவுக்கு வந்தது வேறு வைரஸ், அதே குடும்பம். எலியில் கண்டதை அவர்மேல் அப்படியே போட முடியாது. ஆனாலும் அடுத்து நான் எண்ணப்போவது அந்த நரம்பிணைப்புகளைத்தான். வெள்ளவத்தைக்குப் போய் அவரிடம் சொன்னேன். பெட்டியில் எத்தனை துண்டு இருக்கிறது என்று கேட்டார். பத்து நிமிடத்தில் திரும்பவும் கேட்டார்.