ஏற்காட்டில் ஒரு பழைய பல்ப்பர் கொட்டகை

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிற்கிறது. 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கி, நூறு படங்களுக்கு மேல் எடுத்த ஸ்டுடியோ. இன்று மிச்சம் இருப்பது அந்த முகப்புதான். வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறினோம்.

ஏரி, படகெல்லாம் இந்த முறை வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. நண்பருக்குத் தெரிந்த காபி எஸ்டேட் ஒன்றில், ஓடாமல் கிடந்த பல்ப்பர் (காபிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம்) கொட்டகையைச் சரிசெய்து, கேட்டு வருகிறவர்களுக்குத் திறந்து காட்டுகிறார்கள். சேர்வராயன் மலையில் காபி காலூன்றியது 1820-களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில்.

கருங்கல் சுவர், தகரக் கூரை. சரிவிலேயே அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். மேலே பழத்தொட்டி, அதன்கீழ் பல்ப்பர், அப்புறம் ஊறப்போடும் தொட்டி, கடைசியில் காயவைக்கும் களம். பழம் தண்ணீரோடு தானே இறங்கிவிடும், சுமக்க ஆள் வேண்டாம்.

பல்ப்பரின் உருளையைச் சுற்றிச் செப்புத் தகடு, பலாத்தோல் மாதிரி முழுக்கப் புடைப்புகள். ஒரு ஓரத்தில் மட்டும் தேய்ந்து வழவழவென்றிருந்தது. புதுத் தகடு மாட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பழைய இயந்திரம் கிடைத்தால் சில்வர் பெயின்ட் அடித்து, சங்கிலி கட்டி, மூலையில் நிறுத்துவதுதான் நம் ஊர் வழக்கம். இங்கே துருவைச் சுரண்டி எண்ணெய் போட்டதோடு சரி. அதுதான் அழகு.

முன்பு இதை ஓட்டிய மேஸ்திரி ஒரு கூடைப் பழத்தைக் கொட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றினார். “தண்ணி விடணுங்க, இல்லாட்டி பழம் நகராது” என்றார். சிவப்புத் தோல் ஒருபக்கம், வழவழப்போடு கொட்டை மறுபக்கம். அந்த வழவழப்பு போக ஒரு நாளுக்கு மேல் ஊற வேண்டுமாம். ஊறியது போதுமா என்று எப்படித் தெரியும்? “கையில எடுத்துத் தேய்ச்சுப் பாருங்க. வழுக்காம நறநறங்கணும்.” ஏற்கெனவே ஊறியிருந்ததில் ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். நறநறவென்றுதான் இருந்தது.

பக்கத்து அறையில் பழைய புகைப்படங்களை மாட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் போதவில்லை, எழுத்தும் பொடி. அதைத் தாண்டிக் களத்துக்குப் போய்விட்டேன்.

போவதென்றால் டிசம்பர், ஜனவரியில் போங்கள். பழம் பறிக்கிற நேரம். மற்ற மாதங்களில் வெறும் சக்கரம் சுற்றுவதைத்தான் பார்க்க முடியும்.