கறுத்த சுருட்டு, குறைந்த காட்டம்: ஒரு மலிவு மடூரோவோடு பழகிப் பார்த்தது

கறுத்த மேலிலை சுற்றிய சுருட்டைப் பார்த்தாலே பலருக்குத் தயக்கம் வந்துவிடுகிறது. தொண்டை கமறும், தலை கிறுகிறுக்கும் என்று நிறத்தை வைத்தே முடிவு கட்டிவிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது: கறுப்பு என்றால் சாக்லேட் மாதிரி இனிக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறுபவர்கள். இரண்டில் எது உண்மை என்று பார்க்க, விலை குறைந்த ஒரே வகைக் கறுத்த சுருட்டை ஒரு கட்டு வாங்கி, கட்டு தீரும்வரை வேறு எதையும் தொடாமல் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தேன். அதில் தெரிந்துகொண்டது இது.

இந்த வகைக்கு மடூரோ என்று பெயர். நான் எடுத்தது, டொமினிகன் குடியரசில் விளைந்த இலையை உள்ளே வைத்து, அமெரிக்காவின் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் விளையும் பிராட்லீஃப் இலையை மேலே சுற்றிய ரொபஸ்டோ அளவு. நீளம் 5 அங்குலம், தடிமன் 50. அங்குலத்தை 64 பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்று சொல்வதுதான் தடிமன் கணக்கு. 50 என்றால் விட்டம் ஏறக்குறைய 20 மில்லிமீட்டர். மரப்பெட்டி கிடையாது. செலோஃபேன் உறை போட்டுக் கட்டாகக் கட்டி விற்கிற ரகம். இதே அமைப்பில் பல நிறுவனங்கள் செய்வதால் பெயர் இங்கே முக்கியமில்லை.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சுருட்டுப் புகையை நுரையீரலுக்குள் இழுப்பதில்லை என்பதால் அது ஆபத்தில்லாதது ஆகிவிடாது. காற்றில் உலர்த்திப் பாடம் செய்த இலையின் புகை காரத்தன்மை உள்ளது; அதனால் வாயின் உட்தோல் வழியாகவே நிகோட்டின் உடலில் சேர்ந்துவிடும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. கட்டாக வாங்கினாலும் தினமும் பிடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதை யாருக்கும் சொல்லவும் மாட்டேன். புகைப் பழக்கமே இல்லாதவர்கள் இதைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம்.

சரி, நிறத்துக்கு வருவோம். மேலிலை கறுப்பது பெரும்பாலும் பதப்படுத்தும் முறையால்தான். உலர்ந்த இலைகளை ஈரம் காட்டிப் பெரிய குவியல்களாக அடுக்குவார்கள். குவியலின் நடுவில் தானாகச் சூடு ஏறும். சூடு அளவு மீறும்போது குவியலைக் கலைத்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்குவார்கள். இப்படி நொதிக்கும்போது அமோனியா வெளியேறும், காரல் குறையும், நிறம் ஆழமாகும். மடூரோவுக்கு இந்த வேலை அதிக நாள், அதிகச் சூட்டில் நடக்கும். மெல்லிய இலை அதைத் தாங்காது, கிழிந்துவிடும். அதனால்தான் வெயிலில் வளர்ந்த தடித்த பிராட்லீஃப் மாதிரி இலைகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதே பள்ளத்தாக்கில் துணிப் பந்தலின் நிழலில் வளர்க்கும் இலை வேறு வகை. மெல்லிசாக, வெளிர் பழுப்பாக இருக்கும். அந்த இலையைச் செடியிலிருந்து அடுக்கடுக்காகப் பறிப்பார்கள். பிராட்லீஃபை முழுச் செடியாகத் தண்டோடு வெட்டித் தொங்கவிடுவார்கள்.

காட்டம் வருவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் இலையால்தான். செடியின் உச்சியில் வெயிலை வாங்கிய லிகேரோ இலையில் நிகோட்டினும் எண்ணெய்ப் பசையும் அதிகம், மெதுவாகத்தான் எரியும். நடுவில் இருக்கும் செக்கோ மணத்துக்கு, அடியில் இருக்கும் வொலாடோ நன்றாக எரிவதற்கு. லிகேரோவைக் குறைத்துக் கட்டினால், மேலே எவ்வளவு கறுத்த இலை சுற்றினாலும் சுருட்டு சாதுவாகத்தான் இருக்கும். நான் எடுத்த வகை அப்படிப்பட்டது.

நிறம் உண்மையா, சாயமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். விலை குறைந்த சுருட்டுகளில் இலையைச் சாயமேற்றிக் கறுப்பாக்குவதும் உண்டு. ஈரமான வெள்ளைக் காகிதத்தால் மெல்லத் தேய்த்துப் பார்த்தேன். இளம் பழுப்பாக லேசான கறை ஒட்டியது. அது இயல்பு, இலையின் எண்ணெய். அடர்ந்த கறையாக ஒட்டினால் சந்தேகப்படலாம். தலைப்பகுதியில் இனிப்புத் தடவி விற்கும் வகைகளும் இருக்கின்றன. பற்றவைக்கும் முன்பே உதட்டில் சர்க்கரை மாதிரி இனித்தால் அது இலையின் இனிப்பு இல்லை.

முதலில் பிடித்தவற்றின் குறிப்புகளைப் புரட்டினால் சலிப்பாக இருக்கிறது. “மண் வாசனை. கசப்பு. ஒரு பக்கமாக எரிகிறது.” கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் இதேதான். நிறுத்திவிட்டு, சுருட்டைக் குறை சொல்வதற்கு முன் ஈரப்பதத்தைப் பார்க்கலாம் என்று தோன்றியது. கடைகளில் பொதுவாக 70 சதவீதத்துக்கு அருகில் வைத்திருப்பார்கள். தடித்த, எண்ணெய்ப் பசையுள்ள மேலிலைக்கு அது எனக்கு அதிகமாகப் பட்டது. காற்றுப் புகாத டப்பா ஒன்றில் ஈரப்பதத்தை 65 சதவீதத்திலேயே நிறுத்திவைக்கும் சிறு பையைப் போட்டுச் சுருட்டுகளைச் சில வாரம் விட்டுவைத்தேன். ஈரமானியைச் சரிபார்ப்பது எளிது: சமையல் உப்பைச் சில துளித் தண்ணீரில் சேறாகக் குழைத்து, ஈரமானியோடு ஒரு மூடிய பைக்குள் ஒரு நாள் வைத்தால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 71 காட்டியது. அப்படியானால் அது காட்டும் எண்ணோடு 4 கூட்டிப் படிக்க வேண்டியதுதான்.

இந்த ஓய்வுக்குப் பிறகு வந்த மாற்றத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கசப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. நெருப்பு வளையம் சீராக இறங்கியது. முதல் மூன்றில் ஒரு பகுதியில் வறுத்த காப்பிக்கொட்டை, ஈர மண், கொஞ்சம் மர வாசனை. நடுப்பகுதியில் இனிக்காத கொக்கோ, உலர் திராட்சையின் லேசான சாயல். கடைசிப் பகுதியில் துவர்ப்பும் சிறிது மிளகுக் காரமும். இத்தனையும் அதே கட்டிலிருந்து எடுத்த சுருட்டுதான். விலை குறைந்த சுருட்டைப் பற்றிய புகார்களில் பாதி, அதை ஈரம் ஆறும் முன்பே பற்றவைப்பதால் வருபவை என்பது இப்போது என் அபிப்பிராயம்.

மீதிப் பாதி அவசரத்தால் வருகிறது. அடுத்தடுத்து இழுத்தால் நெருப்பு கொதித்து, இலையின் எண்ணெய் கருகிக் கசந்துவிடும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. என் அனுபவத்தில் இந்தச் சுருட்டுக்கு அதைவிடச் சற்று நிதானம் தேவை. கையில் பிடித்திருக்கும் இடத்துக்கு மேலே சூடு தெரிந்தால் சாம்பல் தட்டில் வைத்துவிடுவேன். அணைந்தே போனாலும் பரவாயில்லை. சாம்பலைத் தட்டி, உள்ளே தேங்கிய பழைய புகையை ஒருமுறை வெளிப்பக்கமாக ஊதித் தள்ளிவிட்டு மறுபடி பற்றவைத்தால் ருசி பெரிதாகக் கெடுவதில்லை. ஒரு ரொபஸ்டோ எனக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே போகிறது.

வெட்டுவதில் பெரிய சங்கதி இல்லை. தலையில் ஒட்டியிருக்கும் தொப்பியின் விளிம்புக் கோட்டுக்கு மேலாக 2 மில்லிமீட்டர் அளவு வெட்டினால் போதும். கோட்டுக்குக் கீழே போனால் மேலிலை பிரிந்து வந்துவிடும். பற்றவைக்கும்போது சுடரை இலையில் படவிடாமல் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அடிப்பகுதியை வட்டமாகச் சூடாக்கி, ஓரம் முழுக்கச் சிவந்த பிறகுதான் முதல் இழுப்பு. தீக்குச்சி என்றால் அதன் தலைமருந்து எரிந்து முடியும்வரை பொறுக்க வேண்டும். தடித்த மேலிலை மெதுவாகப் பிடிக்கும் என்பதால் இங்கே அரை நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால் பிறகு ஒரு பக்கமாக எரிவது குறைகிறது.

ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். அதனால் மூக்கை உள்ளே கொண்டுவராமல் சுருட்டை அறிய முடியாது. வாயில் இருக்கும் புகையில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிட்டு, மிச்சம் இருக்கும் துளியை மட்டும் மூக்கு வழியாக மெல்ல விடுவது ஒரு முறை. காட்டமான சுருட்டில் இதைச் செய்தால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இந்தச் சுருட்டு அதற்குப் பழக ஏற்றது. கொக்கோவும் திராட்சையும் எனக்குத் தெரிந்ததே இப்படி விட்டபோதுதான். நாக்குக்கு மட்டும் அவை வெறும் “ஏதோ இனிப்பு” என்ற அளவில் நின்றுவிட்டன.

அதற்குப் பிறகுதான் நான் முதலில் கேட்ட கேள்விக்கே வந்தேன். இதே நிறுவனம் ஏறக்குறைய இதே உள்ளிலையை வெளிர் மேலிலையிலும் சுற்றி விற்கிறது. நண்பர் ஒருவர் இரண்டையும் பற்றவைத்துக் கொடுக்க, நான் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றி இழுத்துப் பார்த்தேன். காட்டத்தில் எது எது என்று சொல்ல முடியவில்லை. இரண்டிலும் தலை தெளிவாகவே இருந்தது. மணத்தில் மட்டும் தடுமாற்றமே இல்லை: வெளிர் இலையில் வைக்கோல், மரம், கொஞ்சம் பாதாம் தோல், கறுத்த இலையில் உதட்டோரத்தில் தங்கும் இனிப்பும் வறுத்த மணமும். புகையின் கனமும் வேறு. கறுத்ததில் வாய் நிறைந்த மாதிரி இருக்கும். இந்தக் கனத்தைத்தான் பலரும் காட்டம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. காட்டம் என்பது நிகோட்டின் உடலில் செய்யும் வேலை. வயிறும் தலையும் சொல்ல வேண்டியது. வெறும் வயிற்றில் பிடித்தால் சாதுவான சுருட்டும் புரட்டத்தான் செய்யும் என்பதால், இந்த ஒப்பீட்டைச் சாப்பிட்ட பிறகே செய்தோம்.

விலை ஏன் குறைவு என்பதை அறிய ஒன்றைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்தும் பார்த்தேன். நீள இலைகளோடு நறுக்கிய துண்டு இலைகளும் கலந்திருந்தன. முழுக்க நீள இலையால் கட்டிய சுருட்டில் சாம்பல் உதிராமல் ஓர் அங்குலம்வரை நிற்கும். இதில் அதற்குள் உதிர்ந்து சட்டையில் விழுகிறது. துண்டு இலை வேகமாகவும் சூடாகவும் எரியும். நிதானமாக இழுக்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். மேலிலையில் நரம்பு தடித்திருக்கிறது, நிறம் இடத்துக்கு இடம் மாறுகிறது. அழகு பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது, எரிவதற்கு அதனால் ஒன்றும் குறையில்லை. உண்மையான குறை வேறு: ஒன்றுக்கொன்று சீராக இல்லை. சிலவற்றில் இழுப்பு அடைத்துக்கொள்கிறது, சிலவற்றில் வெறும் குழாய் மாதிரி காற்று ஓடுகிறது. வாங்கும்போது விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, கட்டியாகவோ பொள்ளலாகவோ இருப்பதைத் தள்ளிவைக்கலாம். எல்லாவற்றையும் தவிர்க்க முடியாது.

வைத்துப் பாதுகாப்பதில் ஒரு எச்சரிக்கை. புகையிலை வண்டு என்று ஒரு சின்னப் பூச்சி உண்டு. இலையிலேயே முட்டை இருக்கும். வெப்பம் கூடினால் பொரிந்து, மேலிலையில் ஊசி குத்தியது போல ஓட்டை போட்டு வெளியே வரும். சந்தேகம் இருந்தால் சுருட்டுகளைக் காற்றுப் புகாத பையில் கட்டி உறைபெட்டியில் சில நாள் வைத்து, பிறகு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள், அப்புறம் வெளியே. நேராக வெளியே எடுத்தால் மேலிலை வெடித்துவிடும்.

குடிக்க வெறும் தண்ணீர் போதும். சர்க்கரை போடாத காப்பி இந்த வறுத்த மணத்தோடு நன்றாகச் சேர்ந்தது. இனிப்பான பானம் எதுவும் சரிப்படவில்லை. மேலிலையின் மெல்லிய இனிப்பை அது மூடிவிடுகிறது.

மதிப்பெண் போடும் வழக்கம் எனக்கு இல்லை. மறுபடி வாங்குவேனா என்றால், வாங்குவேன். மொத்தமாக அல்ல, கட்டுக் கட்டாக. இப்போது கையில் எடுத்திருப்பது இதே கலவையின் மெல்லிய வடிவம், தடிமன் 42. விட்டம் குறையும்போது உள்ளிலையோடு ஒப்பிட்டால் மேலிலையின் பங்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. அந்த உதட்டோர இனிப்பும் அதே அளவு கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். அவை இன்னும் 65 சதவீதப் பையோடு டப்பாவில்தான் இருக்கின்றன. மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் கறுத்த இலை சுற்றிய கட்டு ஒன்றும் வரிசையில் இருக்கிறது. அதில் மண்ணும் மிளகும் தூக்கலாக இருக்கும் என்கிறார்கள், கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன்.