முப்பது வயது எஃப்டிஓவுக்கு இரண்டு காதுகள்

பேடில் ஷிஃப்டர் போடப் போகிறேன் என்றதும் பக்கத்துக் கராஜ் அண்ணை, "ஓட்டோ கியர் காருக்கு என்னத்துக்கு இன்னொரு பெடல்?" என்று கேட்டார். பெடல் இல்லை அண்ணை, பேடில். காலால் மிதிப்பதில்லை, கியர் மாற்ற ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுப்பது என்றேன். "ஓ, காது மாதிரி" என்றார். அன்றிலிருந்து எங்கள் ஒழுங்கையில் அதற்குப் பெயர் காதுதான்.

கார் 1995 மிட்சுபிஷி எஃப்டிஓ. 2 லீற்றர் வி6, 170 குதிரைவலு, நான்கு கியர் ஓட்டோ. ஜப்பான் சந்தைக்கென்றே 1994 ஒக்டோபரில் வந்த மொடல். அந்த வருடத்துக்கான ஜப்பானின் சிறந்த கார் விருதும் இதற்குத்தான். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் போன ஐந்து வருடத்தில் புதுக் கார் ஆசையே விட்டுப்போய், இருக்கிற காரோடு எனக்கு ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

இந்தக் காரில் காது வைப்பது ஒப்பளவில் இலேசு. இதன் இன்வெக்ஸ்-2 கியர்ப்பெட்டியில் தொடக்கத்திலேயே ஸ்போர்ட்ஸ் மோட் இருக்கிறது. லீவரை, கியர் தானாக மாறும் 'டி'யிலிருந்து பக்கவாட்டில் தள்ளிவிட்டு முன்னால் ஒரு தட்டு தட்டினால் கியர் ஏறும், பின்னால் இழுத்தால் இறங்கும். உள்ளே நடப்பது இரண்டு சிறு சுவிட்சுகள் கணினிக்குச் சொல்லும் செய்தி மட்டுமே. அந்த இரண்டு சுவிட்சுக்கும் இன்னொரு சோடியைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் வைத்தால் வேலை முடிந்தது. இப்படிக் கையால் மாற்றும் வழியே இல்லாத பழைய ஓட்டோ என்றால் கதை வேறு. கியர்ப்பெட்டியின் சொலனோயிட்டுகளை (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகளை) ஆள்வதற்குத் தனிக் கணினி வேண்டும். அதில் நான் கை வைக்க மாட்டேன்.

முதல் ஞாயிறு

என் தொழில் ஏசி, பிரிட்ஜ் திருத்துவது. திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி கடற்கரை விடுதிகளில் பாதி நாள் போய்விடும். ஆகவே மின்சாரம் அளக்கும் மல்டிமீற்றர் என் கையில் கரண்டி மாதிரி. கியர் லீவரைச் சுற்றியிருக்கும் கொன்சோலைக் கழற்றி, சொக்கெட்டில் எது எந்தக் கம்பி என்று பார்த்தேன். என் காரில் சாவியைத் திருப்பியதும் பொதுக் கம்பி ஒன்றில் 12 வோல்ட் வருகிறது. லீவரை முன்னால் தட்டினால் அந்த 12 வோல்ட் ஒரு கம்பிக்கும், பின்னால் இழுத்தால் மற்றக் கம்பிக்கும் போகிறது. மூன்றே கம்பிதான் எனக்குத் தேவை. வேறு கார்களில் கம்பியை நிலத்துக்கு இணைப்பதே சைகையாக இருக்கலாம். பழைய சுவிட்சுக்குச் சமாந்தரமாகப் புது சுவிட்சைப் போட்டால் இரண்டு வகைக்கும் சரிவரும். பார்க்காமல் வெட்டுவதுதான் கூடாது.

கணினிக்குப் போகும் கம்பி எதையும் நான் வெட்டவில்லை. உறையைக் கொஞ்சம் உரித்து, ஈயத்தால் ஒட்டி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டேன். கடித்துப் பிடிக்கும் நீலக் கிளிப்புகள் மலிவு, ஆனால் இந்தக் கடற்காற்றில் ஆறு மாதத்தில் பச்சையாகப் பூக்கும். பொதுக் கம்பியில் 1 அம்பியர் பியூஸ் ஒன்று. மாலை, தரையில் உட்கார்ந்து கையில் இரண்டு வெறும் கம்பியைத் தொடுத்தபோது டாஷ்போர்டில் 1 என்பது 2 ஆகியது. (ஓடிப் பார்க்கவில்லை, கார் ஜாக்கியில் நின்றது.) மனைவி வந்து பார்த்துவிட்டு, "சரி, இனி என்ன, ஓடும்போதும் இப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டா இருக்கப் போறீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. மின்சாரப் பக்கம் ஒரே நாளில் முடிந்தது; காதை எங்கே மாட்டுவது என்பது ஐந்து கிழமை இழுத்தது.

பொசன் போயா

ஸ்டியரிங் சுற்றும், கார் சுற்றாது. அதுதான் முழுச் சிக்கலும். ஸ்டியரிங்கிலேயே காதை மாட்டினால் அதிலிருந்து கம்பி கீழே வர வேண்டும். ஹோர்னுக்கும் எயார்பாக்குக்கும் அந்த வேலையைச் செய்வது, ஸ்டியரிங்குக்குப் பின்னால் கடிகாரச் சுருள் போலச் சுருட்டிவைத்த ஒரு நாடா. அதில் மிச்சக் கம்பி இருந்தால் பயன்படுத்தலாம் என்ற நப்பாசையில் திறந்தேன். பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கைநூல் ஒரு நிமிடம் போதும் என்றாலும் நான் ஒரு பிளேன்டீ குடித்து முடியும்வரை பொறுத்தேன். எயார்பாக் சொக்கெட்டில் மல்டிமீற்றரை வைக்கவே கூடாது; மீற்றர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதை வெடிக்கவைக்கலாம். மஞ்சள் சொக்கெட்டைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மிச்சக் கம்பி இல்லை. வயரில்லா வகைகள் விற்கிறார்கள்தான், ஆனால் ஸ்டியரிங்குக்குள் பற்றரி ஒன்று, அது எப்போது சாகும் என்ற கவலை ஒன்று. அதனால் காதை ஸ்டியரிங்கில் மாட்டாமல் அதற்குக் கீழே சுற்றாமல் நிற்கும் ஸ்டியரிங் தண்டில் நிலையாக மாட்டுவது என்று முடிவெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அதுதான் நல்லதும். ஸ்டியரிங்கோடு சுற்றும் காது அரைச் சுற்றில் இடம் வலமாகிவிடும். நிலையான காது, வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் போல, இருட்டிலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

3 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு. முதலில் சோப்புப் பெட்டி மட்டையில் வெட்டி அளவு பார்த்தேன், நான்கு மட்டை வீணாகியது. தண்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் மூடியில் திருகினால் இழுக்கும்போது மூடியே வளையும். மூடியைக் கழற்றி, சிக்னல் சுவிட்சைத் தாங்கும் உலோகச் சட்டத்தில் பிடிமானம் எடுத்தேன். ஸ்டியரிங்கை ஏற்றி இறக்கினாலும் காதும் கூடவே வரும். ஓரங்களை அரத்தால் உருட்டி, மேலே ரப்பர் விளிம்பு. விபத்தில் கை போய் இடிக்கும் இடம் அது, கூராக இருக்கக் கூடாது.

சுவிட்சுக்கு நான் எங்கும் போகவில்லை. ஒரு விடுதி எறிந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் மூன்று மைக்ரோ சுவிட்ச் இருந்தது. 'டக்' என்று அழகான சத்தம். வலது காது ஏற்றம், இடது காது இறக்கம்.

முதல் ஓட்டம்

காலை ஆறு மணி, தெருவில் மான்களும் நானும்தான். (திருகோணமலைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூர் ஆட்களுக்கு: இங்கே புள்ளிமான்கள் நகரத்துக்குள்ளேயே திரியும், பஸ் நிலையத்துப் பக்கம் ஆடு மாதிரி நிற்கும்.) உவர்மலை இறக்கத்தில் இடது காதை இழுத்தேன், 3, மறுபடி 2. எஞ்சின் ஒரு குரல் கொடுத்துக் காரைப் பிடித்தது. பிரேக்கைத் தொடாமல் கீழே வந்தேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் அநுராதபுரச் சந்தியில் வலப்பக்கம் திரும்ப சிக்னல் போட்டேன். ஜப்பான் காரில் சிக்னல் தண்டு வலப்பக்கம். விரல் தண்டோடு சேர்த்துக் காதையும் தட்ட, திருப்பத்தின் நடுவில் கியர் ஏறி, கார் சோர்ந்துபோனது. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் என் பரம்பரையை நினைவுகூர்ந்தார். அன்று பின்னேரமே வலது காதின் கீழ்ப்பாதியை வெட்டினேன். இப்போது அது சிக்னல் தண்டின் மட்டத்துக்கு மேலேதான் தொடங்குகிறது. இரண்டும் ஒரே அளவாக இல்லாதது கொஞ்சம் கண்ணை உறுத்துகிறது.

அடுத்த இரண்டு கிழமை

இதை எழுதவே வெட்கம். பத்தாம் நாள் இடது காது ஒருமுறை வேலை செய்யவில்லை. அடுத்த நாள் மூன்று தடவை. சத்தம் கேட்கிறது, கியர் மாறவில்லை. கம்பி, ஈயம், பியூஸ் எல்லாம் பார்த்தேன், எல்லாம் சரி. சுவிட்சைக் கழற்றி அழுத்தி அளந்தால் ஒருமுறை பூச்சியம், ஒருமுறை நூறு ஓம், ஒருமுறை ஒன்றுமே இல்லை.

மைக்ரோவேவ் சுவிட்ச் 16 அம்பியர் தாங்குவதற்குச் செய்தது. உள்ளே வெள்ளித் தொடுமுனை. அதில் கறுப்புப் படலம் படியும். பெரிய மின்னோட்டம் ஓடும் இடத்தில் ஒவ்வொரு முறையும் சிறு பொறி அந்தப் படலத்தை எரித்துச் சுத்தமாக்கிவிடும். என் காதில் ஓடுவதோ சில மில்லி அம்பியர். பொறியே இல்லை, படலம் அப்படியே இருக்கும். யானையைக் கட்டும் சங்கிலியால் பூனையைக் கட்டிய கதை. சிறு சைகைக்குத் தங்கப் பூச்சுத் தொடுமுனையுள்ள சுவிட்ச் வேண்டும். அதிலும் நம் ஊருக்கு, உப்பு உள்ளே போகாதபடி மூடி அடைத்த வகை. ஏசியின் வெளி யூனிட் ஏன் இரண்டு வருடத்தில் பொடியாகிறது என்று விடுதி முதலாளிகளுக்கு வகுப்பெடுக்கும் ஆள் நான்.

கொழும்பிலிருந்து நீர் புகாத சிறு சுவிட்ச் இரண்டு வரவழைத்தேன். கம்பி முன்பே ஒட்டி, பிசின் ஊற்றி அடைத்தது. சத்தம் அவ்வளவு அழகில்லை, பேனா மூடி போல ஒரு மெல்லிய 'டிக்'. ஆறு கிழமையாகிறது, ஒருமுறைகூடத் தவறவில்லை.

கந்தளாய் வரை

வேகமாக மாறுகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. லீவரால் மாற்றியதையும் காதால் மாற்றியதையும் போனில் வீடியோ எடுத்து, எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் விழும் நேரத்தை ஒப்பிட்டேன், இரண்டும் ஒன்றே. 1989இல் ஜோன் பார்னார்ட் வடிவமைத்த ஃபெராரி 640 என்ற ஃபார்முலா 1 கார் இந்தக் காதோடு பிரேசிலில் முதல் பந்தயத்திலேயே வென்றது. ஆனால் அதில் இருந்தது கிளச்சுள்ள பந்தயக் கியர்ப்பெட்டி. என்னுடையது எண்ணெய் வழியாகச் சக்தி கடத்தும் டோர்க் கன்வேர்ட்டர். சொன்னதைக் கேட்கும், ஆனால் ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் எழும்பும். லீவர் 'டி'யில் இருந்தால் காதை எவ்வளவு இழுத்தாலும் ஏனென்று கேட்காது. எஞ்சின் தாங்காத வேகத்தில் கீழ்க் கியர் கேட்டாலும் கணினி மறுத்துவிடும், அது நல்லது.

ஏ6 வீதியில் கந்தளாய் போய்வந்தபோது எனக்கு உண்மையில் பிடித்தது முந்துவது அல்ல. தம்பலகாமத்துக்கு இந்தப் பக்கம், இருட்டத் தொடங்கும் நேரம், வீதியில் மாடுகள் படுத்திருக்கும். தூரத்தில் கண் மினுங்கியதும் இடது விரல் இரண்டு இழுப்பு, கை ஸ்டியரிங்கை விடவில்லை, கார் முன்பே அடங்கிவிட்டது. முன்பு அதே இடத்தில் ஒரு கை லீவரைத் தேடும். மேல் கியருக்கு இப்போதும் பாதி நேரம் லீவரைத்தான் தட்டுகிறேன், பழக்கம்.

கராஜ் அண்ணை ஒருநாள் ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, "காது நல்லாக் கேக்குது தம்பி, ஆனா கியர் எண்ணெயை எப்ப மாத்தினாய்?" என்றார். போன வருடம், மிட்சுபிஷி சொன்ன எஸ்பி வகைதான் என்றேன். தலையாட்டினார்.

மிச்சம் ஒன்று: எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் போனால் இடது காது கிணுகிணு என்கிறது. பழைய ரியூப்பில் ஒரு துண்டு வெட்டித் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்திருக்கிறேன். பாதி குறைந்திருக்கிறது.