கையெழுத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

பெங்களூரில் இந்திராநகர் மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிப்பவர்கள் தென் ஜெர்மனியின் ஷ்வேபிஷ் ஹால் என்ற ஊரின் பெயரைக் கேட்டிருப்பார்கள். மாக்ஸ் முல்லர் பவனை நடத்தும் கோத்தே நிலையம் (ஜெர்மன் மொழி, பண்பாட்டு அமைப்பு) அங்கேயும் உண்டு. சுமார் 40,000 பேர், சுற்றிலும் வயலும் பன்றிப் பண்ணையும். அந்தச் சின்ன ஊருக்குப் பிரான்சின் எபினால் 1964 முதலே இணை நகரம், அதாவது நட்புறவு ஒப்பந்தம் செய்துகொண்ட ஊர். பெர்லின் சுவர் விழுவதற்கு ஓராண்டு முன்பே, 1988-ல், கிழக்கு ஜெர்மனியின் நொய்ஸ்ட்ரேலிட்ஸோடும் உறவு வைத்துக்கொண்டது.

இப்படி ஓர் ஊரோடு தொடர்பு வேண்டும் என்று நினைக்கும் நம் பள்ளிகளும் தமிழ் அமைப்புகளும் எடுத்தவுடன் மேயருக்குக் கடிதம் போடுகின்றன. மரியாதையான பதில் வரும், அதோடு சரி. முறையான இணைப்புக்கு அங்கே நகர்மன்றத் தீர்மானம் வேண்டும். இங்கே மாநகராட்சியே முன்வந்தாலும் வெளியுறவு அமைச்சகம் சம்மதிக்க வேண்டும். ஆகவே ஒப்பந்தக் கையெழுத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்; முதலில் எழுத வேண்டியது பார்ட்னர்ஷாஃப்ட்ஸ்ஃபெரைனுக்கு. ஊர்க்காரர்கள் நடத்தும் இணைப்புச் சங்கம் அது. 7 பேர் சேர்ந்தால் பதிவு செய்துவிடலாம். வருகிறவர்களுக்கு வீட்டில் படுக்கை போட்டுத் தருவது இவர்கள்தான்.

மாணவர்கள் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய்வரும் பயணத்தில் பெரும்பாலும் சறுக்குவது தேதியில். இரு பக்கமும் விடுமுறையாக இருக்கும் நாளைத் தேடாதீர்கள். அங்கே விடுமுறை விட்டால் குடும்பமே வெளியூர் கிளம்பிவிடும். நமக்கு விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி: அதுதான் சரியான நேரம். ஈஸ்டர் விடுமுறை முடிந்து, ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்து விடுமுறை தொடங்கும்வரை அங்கே வகுப்பு நடக்கும். நம் ஏப்ரல், மே விடுமுறையில் பெரும்பகுதி அதற்குள் வரும், பிள்ளைகள் வகுப்பிலும் போய் உட்காரலாம். அவர்கள் இங்கே வர அக்டோபர் கடைசி வசதி. தீபாவளி எந்தத் தேதி என்று மட்டும் முதலில் பாருங்கள்.

விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். செலவை அங்குள்ள குடும்பம் ஏற்பதானால் வெறும் அழைப்புக் கடிதம் போதாது. அந்தக் குடும்பத்தார் தங்கள் ஊர் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு நேரில் போய், செலவை ஏற்பதாக உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். சிறுவர்களுக்கு அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் கட்டாயம். குழுவில் ஆளுக்கொரு பயணத் திட்டம் எழுதிக் கொடுத்தால் கேள்விதான் வரும்; ஒரே தாளை நகலெடுத்து எல்லோரும் வையுங்கள்.

சாப்பாட்டையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சைவம் என்றால் அங்கே முட்டை சேர்ந்தது, ஆகவே முட்டை கூடாதென்று தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரிக்குப் பல வீடுகளில் ரொட்டி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி என்று ஆறிய சாப்பாடுதான். பிள்ளைகளிடம் அதைக் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்.