கிழங்கு வெந்த தண்ணீர்

குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் ஒரு மாமி இரண்டு ஆடு வளர்த்தார்கள். ஒரு மழைநாள் சாயங்காலம் அதில் ஒன்று கட்டவிழ்ந்து மரச்சீனி, அதாவது மரவள்ளி, போட்டிருந்த விளைக்குள் புகுந்து கொழுந்தை மேய்ந்துவிட்டது. கால்நடை மருத்துவர் வருவதற்குள் மூச்சு வாங்கிச் செத்துப்போயிற்று. மறுநாள் மாமி என்னிடம் கேட்டார்கள்: "நம்ம தெனமும் திங்கிய சாதனம். ஆடு தின்னா மட்டும் எப்பிடி மக்ளே சாவும்? நீதானே செடியைப் பத்திப் படிச்சவ, சொல்லு."

அப்போது நான் தாவர வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சோக்ஸ்லெட் கருவியில் செடிச் சாறு இறக்குவதும், அதில் ஆல்கலாய்டு, சப்போனின் போன்ற செடிச் சேர்மங்கள் உண்டா என்று சோதனைக் குழாயில் நிறம் பார்ப்பதும்தான் என் நாள். மாமிக்கு உடனே சொல்ல எனக்குப் பதில் இருந்தது, ஆனால் பாதிப் பதில்தான். "அதுல சயனைடு இருக்கு மாமி" என்றேன். "அப்போ நாம எப்பிடி உயிரோட இருக்கோம்?" என்றார்கள். அந்த மீதிப் பாதிக்காகத்தான் பிறகு எத்தனையோ நாள் உட்கார்ந்தேன்.

மரச்சீனிக்குள் சயனைடு தனியாகக் கிடப்பதில்லை. லினமாரின் என்ற சர்க்கரைச் சேர்மத்துக்குள் பூட்டிக்கொண்டு, செல்லின் உள்பையில் இருக்கிறது. அதைத் திறக்கும் லினமாரேஸ் நொதி செல்சுவரில் இருக்கிறது. இலை முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. ஆடு கடித்து மென்றதும் சுவர் உடைகிறது, நொதி லினமாரினைப் பிடிக்கிறது, ஹைட்ரஜன் சயனைடு வெளியேறுகிறது. இலையிலும் கிழங்குத் தோலிலும் இது கிழங்குச் சதையைவிட மிக அதிகம். பூச்சியும் விலங்கும் தின்னாமல் இருக்க அந்தச் செடி வைத்திருக்கும் காவல் இது.

கிழங்கை வேக வைக்கும்போது என்ன நடக்கிறது? இதில்தான் நான் தப்பாக நினைத்திருந்தேன். கொதித்தால் விஷம் ஆவியாகிப் போய்விடும் என்பதே என் எண்ணம். ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரிக்குக் கிட்டேயே கொதிக்கிற பொருள் அல்லவா. மாணவர்களோடு பிக்ரேட் தாள் சோதனை வைத்தோம். மஞ்சள் தாள், சயனைடு பட்டால் ஆரஞ்சாகி, அதிகமானால் செங்கல் நிறம் காட்டும். பச்சைக் கிழங்கை அரைத்து மூடிவைத்த குப்பியில் தாள் சிவந்தது. வேகவைத்த கிழங்கில் மஞ்சளாகவே நின்றது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சூட்டில் செத்திருந்தது நொதி. பூட்டு அப்படியே இருக்க, சாவி மட்டும் போயிருந்தது. லினமாரேஸைத் தனியாகச் சேர்த்து மறுபடி வைத்ததும் தாள் நிறம் மாறியது. கொதித்த தண்ணீரிலும் அதைச் சேர்த்து வைத்தோம், அதிலும் தாள் மாறியது. லினமாரின் தண்ணீரில் கரையும். கிழங்கில் இருந்ததில் ஒரு பங்கு அந்தத் தண்ணீருக்குள் போயிருந்தது. நொதி செத்தாலும் மிச்ச லினமாரினைத் திறக்க நம் குடலில் உள்ள சில நுண்ணுயிரிகளால் முடியும். ஆகவே அந்தத் தண்ணீரைக் கொட்டுவதே காரியம்.

எங்கள் ஆச்சி கிழங்கைச் சின்னதாக நறுக்கி, முங்க முங்கத் தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் "அந்த வெந்நிய கமத்திப் போடு" என்பாள். சில நேரம் இரண்டாம் தண்ணீரும் மாற்றுவாள். துண்டு சிறிதானால் அதிகம் கரையும், தண்ணீர் கூடினால் இன்னும் கரையும் என்று ஆய்வேடுகள் சொல்வதும் இதுதான். கசப்பான கிழங்கை அவள் தொடவே மாட்டாள். இன்றைய சர்வதேச உணவுத் தரநிலைப்படி கசப்பில்லாத 'இனிப்பு' வகை மரச்சீனி என்றால் பச்சையாக ஒரு கிலோவில் 50 மில்லிகிராமுக்குக் குறைவான சயனைடு. மாவு என்றால் 10 மில்லிகிராம். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இந்தக் கிழங்கைப் பரப்பியது அரிசிப் பஞ்சத்துக்குத் துணையாகத்தான். மீன்கறியோடு அது நம் சாப்பாடாகி நின்றதில், தண்ணீரைக் கமத்திய பெண்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு என் வேலைக் குறிப்பேட்டின் வடிவமே மாறிற்று. முன்பு செடியின் பெயர், எடுத்த இடம், கரைப்பான் என்று மூன்று பத்திதான். இப்போது எப்போது பறித்தது, எதில் கொண்டுவந்தது, எப்படிக் காயவைத்தது, வீட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்றும் எழுதுகிறேன்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் வருடங்களில் ஓர் இலைச் சாற்றை சேர்மங்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஓர் உச்சியாக வரைந்து காட்டும் ஜிசி-எம்எஸ் கருவியில் விட்டபோது வந்த உச்சிகளில் ஒன்று டைபியூட்டைல் தாலேட் என்று கணினி நூலகம் சொன்னது. நான் அதைச் செடியின் சேர்மம் என்று எழுதிக் கருத்தரங்கிலும் வாசித்தேன். அது பிளாஸ்டிக்கை நெகிழ்வாக்கச் சேர்க்கும் பொருள். இலையை நாள்கணக்கில் பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தேன். கரைப்பானையும் பிளாஸ்டிக் குப்பியில் ஊற்றியிருந்தேன். ஒரு மூத்த பேராசிரியர் தனியாகக் கூப்பிட்டு, "வெறும் கரைப்பானை ஓட்டிப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார். ஓட்டிப் பார்த்தேன். அதே உச்சி. அன்று இரவு தூங்கவில்லை. இன்றும் செடிச் சாற்றில் தாலேட் என்று கண்டால் முதலில் பாத்திரத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கதையையும், செய்முறையைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே அவர்களுக்குச் சொல்வேன். 1970களின் தொடக்கத்தில் சீனாவில் து யோயோ குழு செய்த சாறு ஒரு முறை பலித்து மறு முறை பலிக்காமல் இருந்தது. 4-ஆம் நூற்றாண்டுச் சீனக் குறிப்பொன்று, அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி என்கிறது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் கெடுக்கிறதோ என்று அவர் குறைந்த சூட்டில் ஈதர் என்ற கரைப்பானில் இறக்கினார், பலித்தது. 2015-இல் நோபல் பரிசு. ஒரு பழங்கால வைத்தியரின் செய்முறை வரிக்குள் இருந்த தகவல் அது. நம் ஊரில் நொச்சியை ஆவி பிடிக்கும்போது சட்டியை மூடிவைக்கச் சொல்வதும் அந்த மாதிரித் தகவல். மணம் தரும் எண்ணெய் பறந்துவிடக் கூடாது. அதே நொச்சியை நான் சூட்டடுப்பில் முறுகக் காயவைத்து, மணமே இல்லாத பொடியில் மருந்து தேடியிருக்கிறேன்.

மலையில் இருப்பவர்களிடம் கேட்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 1987-இல் அகத்தியர் மலையில் காணிக்காரப் பழங்குடியினர் களைப்புத் தீரத் தின்ற ஆரோக்கியப்பச்சைக் காயிலிருந்து தொடங்கியதுதான் ஜீவனி மருந்து. கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் உள்ள தாவரவியல் நிறுவனம் அதன் உரிமத் தொகையில் பாதியைக் காணிகளுக்குத் தர ஒப்புக்கொண்டது. பேச்சிப்பாறைக்கு மேலும் காணிக் குடிகள் இருக்கிறார்கள். அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு வந்து, சொன்னவரை விட்டுவிட்டு ஆய்வேடு போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாமியின் ஆட்டைக் கொன்ற அதே வேதியியலை வேளாண்மைக்கும் திருப்பியிருக்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரச்சீனி இலையிலிருந்து நன்மா, மேன்மா என்று பூச்சிமருந்துகளைச் செய்தது. மேன்மா வாழையின் தண்டுக் கூன்வண்டுக்கானது. மட்டி, செந்துளுவன் வாழைகளைப் பயிரிடும் நம் மாவட்டத்துக்கு இதைவிட அருகான வேலை ஏது? கிழங்கு பிடுங்கியபின் வரப்பில் குவிந்து காயும் இலையைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைப்பேன்.

போன மாதம் மாமி மறுபடி வந்தார்கள், கையில் ஒரு கட்டு மரச்சீனி இலையோடு. "நறுக்கி வெயில்ல காய வச்சுப் போட்டா ஆடு திங்குமாம், ஒண்ணும் ஆவாதாம். ஒன் மஞ்சத் தாளுல பாத்துச் சொல்லு மக்ளே." நறுக்கினால் பூட்டும் சாவியும் சந்திக்கும், காயும்போது சயனைடு பறக்கும், மாமி கேள்விப்பட்டது சரியான வழிதான். ஆனாலும் எத்தனை வெயில், எவ்வளவு பொடியாக என்று கேட்டேன். "மூணு வெயிலு. வெரலு நீளம்" என்றார்கள். அதை எழுதிக்கொண்டேன். விரல் நீளம் ஒன்று, பொடிப்பொடியாக ஒன்று என இரண்டு முறத்தில் இப்போது எங்கள் மொட்டைமாடியில் காய்கிறது.