நான்கு இரவுகளும் ஒரு ஜெனரேட்டரும்

சோழவந்தானை ஒட்டிய எங்கள் ஊரில் அந்த மே மாதத்து மாலையில் அடித்த காற்று அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. அழகர் மலைக்குத் திரும்பி இரண்டு வாரம்கூட ஆகாத, அக்னி நட்சத்திரத்தின் நடுப்பகுதி அது. சிறுமலைப் பக்கம் வானம் கறுத்ததைக் கண்டு, கோடை மழை வரப்போகிறது என்ற மகிழ்ச்சியோடு மாடியில் காயவைத்திருந்த வற்றலை அள்ளிக்கொண்டு இறங்கினோம். அதற்குள் வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. கொடிக்கால்களில் வெற்றிலைக்குத் துணை நின்ற அகத்தி மரங்கள் ஒடிந்தன. தோப்பு ஓரமாகப் போகும் ஹெச்.டி. லைன் (உயர் அழுத்த மின்கம்பி) மேல் இரண்டு தென்னைகள் சாய்ந்து, மூன்று கம்பங்கள் முறிந்தன. அன்று போன மின்சாரம் ஐந்தாம் நாள் முற்பகலில்தான் திரும்பியது. நடுவில் இருந்த நான்கு இரவுகளை ஒரு பெட்ரோல் ஜெனரேட்டரை வைத்துக் கடந்தோம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஜெனரேட்டர் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு, நான் செய்த தவறுகளும் பயன்படக்கூடும் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஜெனரேட்டர் வாங்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது எங்கள் ஊரில் அல்ல. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், புதுக்கோட்டை மாவட்டத்தையும் சிதைத்துவிட்டு மேற்கே போனது. என் சகலபாடியின் வீடு ஆலங்குடிப் பக்கம் இருக்கிறது. நான்காம் நாள் அரிசி, மெழுகுவத்தி, தண்ணீர் கேன்களோடு போனேன். வீடு நின்றது, கிணற்றிலும் போர்வெல்லிலும் தண்ணீர் இருந்தது, ஆனால் அதை மேலே ஏற்றத்தான் வழியில்லை. வாடகை ஜெனரேட்டர் ஒன்றைச் சிறு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒருவர் வீடு வீடாக வந்து, தொட்டி நிறையும் வரை மோட்டாரை ஓட்டிவிட்டுப் போனார். அந்த நேரத்துக்குள் செல்போன்களுக்கும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளத் தெருவே கூடியது. புயலுக்குப் பிந்திய மின்வெட்டில் மனிதர்களை முதலில் முடக்குவது இருட்டு அல்ல, தண்ணீர் என்பது அன்று எனக்கு விளங்கியது. அகல் விளக்கில் ஒரு மாதம்கூட இருந்துவிடலாம். வயதானவர்கள் உள்ள வீட்டில் குளியலறைக் குழாய் ஒரு நாள் வறண்டாலும் தாங்காது.

மறு ஆண்டு மதுரையில் ஒரு கடையில் 2 கே.வி.ஏ. திறன் கொண்ட ஜெனரேட்டர் வாங்கினேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் 1 ஹெச்.பி. (குதிரைத்திறன்). “ஒரு ஹெச்.பி.ங்கிறது 746 வாட்தான் சார், இதுவே தாராளம்” என்றார் கடைக்காரர். வீட்டுக்குக் கொண்டுவந்து மோட்டாரைப் போட்டதும் ஜெனரேட்டர் முக்கி முனகியது, விளக்குகள் மங்கின, மோட்டார் சுழலவே இல்லை. 746 வாட் என்பது மோட்டார் செய்துதரும் வேலையின் அளவு. அது கம்பியிலிருந்து இழுப்பது ஆயிரம் வாட்டுக்கு மேல். நின்ற நிலையிலிருந்து கிளம்பும் அந்த ஓரிரு நொடிகளில் அதைப் போல் பல மடங்கு இழுக்கும். 2 கே.வி.ஏ. என்று எழுதியிருந்தாலும், மோட்டார் போன்ற சுமைக்கு அதில் 1,600 வாட் அளவுதான் கணக்கில் கொள்ள முடியும். கூடுதல் பணம் கட்டி 3 கே.வி.ஏ.வாக மாற்றிய பிறகுதான் மோட்டார் எழுந்தது. அதுவும் ஃபிரிட்ஜ் உட்பட மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மோட்டாரை முதலில் போட்டால்தான் எழும். வாங்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: விளக்கையும் மின்விசிறியையும் எண்ணிக் கணக்குப் போடாதீர்கள், மோட்டாரின் மேல் விவரம் பொறித்திருக்கும் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் ஜெனரேட்டரை வீட்டுக்கு வரவழைத்து மோட்டாரை ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள்.

அந்த மே மாதக் காற்று அடித்த அன்று இரவு நான் செய்த தவறு, நினைத்தால் இன்றும் நெஞ்சைப் பிசைகிறது. மழை விடாமல் தூறியதால், ஜெனரேட்டரை நனையவிடக் கூடாது என்று மாடிப்படிக்கு அடியில் வைத்து ஓட்டினேன். அங்கிருந்து சமையலறை ஜன்னல் ஐந்தடி தூரம்கூட இல்லை. சாரலுக்குப் பயந்து மற்ற ஜன்னல்களையும் சாத்தியிருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து அம்மா தலைவலிக்கிறது என்றார், மனைவிக்குக் குமட்டியது. காற்றும் இடியும் கண்டு மிரண்டதால்தான் என்று முதலில் நினைத்தோம். எனக்கும் தலை கிறுகிறுத்தபோதுதான் உறைத்தது. இன்ஜினை அணைத்துவிட்டு, கதவுகளை எல்லாம் திறந்து, அம்மாவைத் திண்ணையில் கொண்டுவந்து உட்காரவைத்தேன். பெட்ரோல் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. இரத்தத்தில் ஆக்சிஜன் பிடிக்க வேண்டிய இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். தூங்கிக்கொண்டிருப்பவர் தலைவலியைக்கூட உணராமல் இறந்துபோகலாம். எங்களில் யாரும் அப்போது தூங்கியிருக்கவில்லை என்பது கடவுள் கொடுத்த வரம். மறுநாள் காலையில் ஜெனரேட்டரை, வீட்டிலிருந்து முப்பது அடி தள்ளி நான்கு பக்கமும் திறந்திருக்கும் மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினேன். அங்கே இருந்த ஒரு பசுவை அந்த நான்கு நாளும் தோப்பில் கட்டினோம். புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், வராந்தாவும் போர்ட்டிகோவும் வெளியிடம் ஆகாது, ஜன்னலைத் திறந்துவைப்பதும் போதாது.

இரண்டாம் நாளிலிருந்து ஜெனரேட்டரைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஓட்டினோம். காலை ஐந்தரை முதல் ஏழு வரை, பிற்பகல் ஒரு மணி நேரம், மாலை ஆறரை முதல் எட்டு வரை. முதல் அரை மணியில் மோட்டார் மட்டும். தொட்டி நிறைந்ததும் அதை நிறுத்திவிட்டு ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், செல்போன்கள். மிக்சி ஓட்ட வேண்டிய வேலையை மனைவி அதற்குள் முடித்துக்கொள்வார். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் ஏறத்தாழ நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்துவைக்கும். ஃபிரீசரில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து, ஓடாத நேரத்தில் அவற்றைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினால் இன்னும் கொஞ்சம் தாங்கும். எங்களுக்கு ஃபிரிட்ஜ் வேண்டியிருந்தது பாலுக்காக அல்ல, அம்மாவின் இன்சுலினுக்காக. பிரிக்காத குப்பிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரித்துப் பயன்படுத்திவருகிற குப்பியை 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வெளியே வைக்கலாம் என்றாலும், மே மாதத்து மதுரைப் பக்கம் வீட்டுக்குள் அப்படி ஓர் இடம் ஏது? ஈர மணலில் அமர்த்திய மண்பானைக்குள் சிறு எவர்சில்வர் டப்பாவில் அதை வைத்து, காற்றோட்டமான மூலையில் மணலை நனைத்துக்கொண்டே இருந்தோம்.

இரவை இன்வெர்ட்டர் பார்த்துக்கொண்டது. இதில் பலர் ஏமாறுவதால் கணக்கைச் சொல்கிறேன். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் காகிதப்படி 1,800 வாட்-ஹவர், அதாவது 1,800 வாட் சுமையை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு மின்சாரம் இருக்கும். ஆனால் நாளைக்கு நான்கு மணி நேரம் ஓடும் ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றினால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் திரும்ப நிரம்பும். வீணாவது போக நம் கைக்கு வருவது 500 வாட்-ஹவர் அளவு. பழைய மின்விசிறி ஒன்றே 75 வாட் குடிக்கும். நல்லவேளையாக இரண்டு படுக்கையறைகளிலும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி மாட்டியிருந்தோம்; இரண்டு சின்ன எல்.இ.டி. பல்புகளோடு சேர்த்து 80 வாட். இரவு பத்திலிருந்து விடியற்காலை நான்கு வரை அது ஓடியது. எங்கள் இன்வெர்ட்டர் முதலில் ஜெனரேட்டர் மின்சாரத்தை ஏற்கவே மறுத்தது. பின்புறம் உள்ள சிறு சுவிட்சை ‘யு.பி.எஸ்.’ நிலையிலிருந்து சாதாரண நிலைக்குத் தள்ளியதும் சார்ஜ் ஏறத் தொடங்கியது. கம்ப்யூட்டருக்காக வைத்த அந்த நிலையில், வோல்டேஜ் கொஞ்சம் ஆடினாலும் இன்வெர்ட்டர் அதைத் தள்ளிவிடும்.

பெட்ரோல் ஒரு தனிப் பாடு. நாளைக்கு நான்கு லிட்டர் ஆனது. அருகில் இருந்த பங்கிலும் மின்சாரம் இல்லாததால், நான்குவழிச் சாலையில் இருக்கும் வாடிப்பட்டி வரை போனேன். அங்கே கேனில் தர மறுத்தார்கள். பாதுகாப்புக்காகச் செய்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மோட்டார் சைக்கிள் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து, பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் குழாயைக் கழற்றி இரும்பு கேனில் பிடித்தேன். வாயால் உறிஞ்சி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து, அதைச் செய்யவே வேண்டாம். ஜெனரேட்டர் டேங்கில் ஊற்றுவதற்கு முன் இன்ஜினை அணைத்து, அரை மணி நேரமாவது ஆறவிட்டேன்.

மூன்றாம் நாள் பிற்பகல், கம்பம் நடும் ஆட்களோடு லைன்மேன் வந்தார். கம்பத்தில் கை வைப்பதற்கு முன், டிரான்ஸ்பார்மரிலிருந்து எங்கள் தெருக்கோடி வரை வீடு வீடாக நடந்தார். எங்கள் கொட்டகையில் இருந்த ஜெனரேட்டரைப் பார்த்துவிட்டு, “சார், சேஞ்ச்ஓவர் போட்டிருக்கீங்களா, இல்ல பிளக்குல சொருகி விட்டிருக்கீங்களா?” என்று கேட்டார். தெருக் கம்பி, ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்சைக் காட்டினேன். அதன் கைப்பிடியை இரண்டு பக்கமும் தானே தள்ளிப் பார்த்த பிறகுதான் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்.

மூன்றாவது வீட்டில், அவர் தேடி வந்தது இருந்தது. வாடகை ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர். அதன் இரண்டு முனையிலும் பிளக். ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையைச் சுவரில் உள்ள சாக்கெட்டிலும் சொருகினால் வீடு முழுக்க மின்சாரம் வந்துவிடும். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால், அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போய், டிரான்ஸ்பார்மரைத் தொடும். 11,000 வோல்ட்டை நம் வீட்டுக்கான அளவுக்கு இறக்கித் தரும் அதே டிரான்ஸ்பார்மர், பின்பக்கமாக வரும் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். துணைமின்நிலையத்திலிருந்து வரும் மின்சாரத்தை ஏ.பி. சுவிட்சை (லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்து நிறுத்திவிட்டு, செத்த லைன் என்று நம்பி வேலை செய்பவர் கையில் அது பாயும். “மேல ஏறுனவனுக்கு, எந்த வீட்டுக் கரண்டு தன்மேல வருதுன்னு தெரியாது சார்” என்றார் லைன்மேன். அவர்கள் லைனைச் சோதித்து, தரையோடு இணைத்து எர்த் செய்துவிட்டுத்தான் ஏற வேண்டும், ஏறுகிறார்கள். ஆனால் புயலுக்குப் பிறகு இருபது மணி நேரம் தூங்காமல் உழைப்பவரின் உயிரை, நம் ஞாபகசக்தியை நம்பி விடலாமா?

அந்த வீட்டுக்காரர் நல்லவர்; அது வரை யாரும் அவருக்கு விளக்கிச் சொன்னதில்லை, அவ்வளவுதான். கேட்டதும் முகம் வெளிறி, வயரைப் பிடுங்கி, ஒரு முனைப் பிளக்கை அவரே வெட்டிப் போட்டார். அதன் பிறகு ஜெனரேட்டரிலிருந்து நேராக எக்ஸ்டென்ஷன் போர்டு இழுத்து, ஃபிரிட்ஜையும் மின்விசிறியையும் தனித்தனியாக அதில் மாட்டிக்கொண்டார். சேஞ்ச்ஓவர் இல்லாத வீட்டுக்கு அதுதான் சரியான வழி. இருக்கும் வீட்டிலும் அது ஃபேஸ் (மின்சாரம் வரும் கம்பி), நியூட்ரல் (திரும்பும் கம்பி) இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் வகையாக, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் மாட்டியதாக இருக்க வேண்டும். ஜெனரேட்டர் விலையில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாத பொருள் அது. ஜெனரேட்டருக்குப் பணம் சேர்த்துவிட்டு இதற்குக் கையைச் சுருக்குவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது.

ஐந்தாம் நாள் பத்தரை மணிக்குத் தெருவிளக்கு எரிந்தது. ஜெனரேட்டரைக் கழுவித் துடைத்து, பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரில் மிச்சம் இருந்தது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓடவிட்டேன். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அடுத்த புயலன்று கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் இன்ஜின் கிளம்பாது. மறதி வரக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு அமாவாசையன்றும் கால் மணி நேரம், மோட்டாரைப் போட்டே ஓட்டிப் பார்க்கிறோம். நான் ஊரில் இல்லாத நாளில் காற்றடித்தால் என்ன செய்வது என்று மகள் கேட்டாள். மெயின் போர்டின் கதவில் அவள் கையெழுத்திலேயே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: கொட்டகையில் வை, சேஞ்ச்ஓவரைக் கீழே தள்ளு, பிறகு கயிற்றை இழு, மோட்டார் முதலில். போன இரண்டு அமாவாசையும் அவள்தான் ஓட்டினாள்.